வெள்ளியங்கிரிக்குக் காரில் போகிறவர்கள் முதலில் யோசிக்க வேண்டியது

கேள்வி: சேலத்திலிருந்து நண்பர்கள் ஐந்து பேர் காரில் வெள்ளியங்கிரி போகிறோம். சித்திரை மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு ஏறி, ஞாயிறு மதியம் இறங்கியதும் ஊர் திரும்ப எண்ணம். மலையடிவாரத்தில் உள்ள பூண்டியில் வண்டி நிறுத்த இடம் கிடைக்குமா? எத்தனை மணிக்குப் போய்ச் சேர வேண்டும்?

பதில்: சாதாரண சனிக்கிழமை என்றால் பொழுது சாய்வதற்குள் பூண்டிக்குப் போய்விடுங்கள், கோயிலை ஒட்டிய பகுதியிலேயே இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாள் என்றால் கார் வேண்டவே வேண்டாம். பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் வழியாகப் போகும் அந்த ஒரே சாலையைத்தான் எல்லோரும் நம்பியிருக்கிறார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. இறங்கிய பிறகு வண்டியை யார் ஓட்டுவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரவு பத்து மணிக்கு ஏறத் தொடங்கினால், ஒரு வழி சுமார் 6 கிலோமீட்டர்தான் என்றாலும், சிவன் சன்னதி இருக்கும் ஏழாவது மலையைத் தொட ஐந்து, ஆறு மணி நேரம் ஆகிவிடும். தரிசனம் முடித்துத் திரும்பினால் அடிவாரம் வரும்போது பதினொன்று, பன்னிரண்டு மணி. ஏறும்போது மூச்சு வாங்கும். இறங்கும்போது முழங்கால் வாங்கும். அதிலும் முதல் மலையின் படிகள் கடைசியில் வருகின்றன. அங்கே மூங்கில் தடியை ஊன்றி, ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் திரும்பி இறங்குகிறவர்களின் தொடை நடுங்குவது கண்ணுக்கே தெரியும். சனிக்கிழமை காலை விழித்த மனிதர், தூங்காத கண்ணோடு நடுங்கும் அதே கால்களோடு பிரேக்கை மிதித்து, அவிநாசி, பவானி வழியாகச் சேலம் வரை ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள்.

என் யோசனை இதுதான். கோவையில் வண்டி நிறுத்த வசதியுள்ள விடுதியில் இரண்டு நாளுக்கு அறை எடுங்கள். சனிக்கிழமை பகலில் அங்கே தூங்கி எழுந்து, காந்திபுரத்திலிருந்து பூண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறுங்கள். ஞாயிறு திரும்பி வந்து குளித்து, சாப்பிட்டு, இரவு முழுக்கத் தூங்கிவிட்டுத் திங்கள் காலை புறப்படுங்கள். விடுப்பு கிடைக்காது என்றால், மலையேறாத ஓட்டுநர் ஒருவரை அழைத்து வாருங்கள்.

பூண்டிக்கே காரைக் கொண்டுபோவது என்று முடிவானால், இடம் இல்லையென்று தோட்டங்களை ஒட்டிய இருட்டுச் சாலையோரத்தில் நிறுத்தாதீர்கள். அது யானைகள் நடமாடும் இடம். அடிவாரம் வரைக்கும் வருவதுண்டு. வாழைத்தார், பலாப்பழம் போன்ற மணமுள்ள எதையும் வண்டிக்குள் வைக்க வேண்டாம்.

வனத்துறை பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் ஏற அனுமதிக்கிறது; மழை, காட்டுத்தீ என்றால் நடுவில் நிறுத்தவும் செய்யும். கிளம்பும் நாளன்று விசாரித்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் பைகளைச் சோதித்து பிளாஸ்டிக்கை எடுத்துவிடுவார்கள் என்பதால் பொட்டலங்களைத் துணிப்பைக்கு மாற்றிவிடுங்கள். மேலே காற்று எலும்பைத் துளைக்கும். வியர்த்த சட்டையை மாற்ற இன்னொன்றும் ஒரு கம்பளியும் போதும். ஐவரில் யாருக்காவது இதய நோய், ரத்த அழுத்தம், மூச்சுத்திணறல் இருந்தால் அவர் ஏறவே வேண்டாம். இந்த மலையில் பருவந்தோறும் உயிர்கள் போகின்றன.

கடைசியாகக் கார் சாவி. ஐந்து பேரும் ஒரே வேகத்தில் இறங்க மாட்டீர்கள். மலையில் பல இடங்களில் செல்போன் சிக்னலும் கிடைக்காது. ஒருமுறை நான் பத்து மணிக்கே இறங்கிவிட்டேன். சாவி வைத்திருந்த நண்பர் வந்தது ஒரு மணிக்கு. மாற்று உடை, பணம், தண்ணீர் எல்லாம் கண்ணாடிக்கு உள்ளே தெரிய, நான் வெளியே வெயிலில் உட்கார்ந்திருந்தேன். மாற்றுச் சாவியையும் கொண்டுவாருங்கள். ஒன்று வேகமாக நடப்பவரிடமும் மற்றொன்று மெதுவாக வருபவரிடமும், ஜிப் வைத்த பைக்குள் இருக்கட்டும்.