அப்பாவின் தடுமாற்றம் மனநோயா?

கேள்வி: டாக்டர் ஐயா, என் அப்பாவுக்கு 58 வயது. கல்லீரல் சுருக்கத்துக்கு மருந்து சாப்பிடுகிறார். சில வாரங்களாகப் பகலெல்லாம் தூங்கினார். இரவில் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தார். ஒருநாள் காபியில் உப்பைப் போட்டுக் குடித்தார். தூக்கத்துக்கென்று மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். மறுநாள் காலையில் எழுப்பியும் எழவில்லை. மருத்துவமனையில் எனிமா வைத்து, லாக்டுலோஸ் சிரப்பும் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் என்னைப் பெயர் சொல்லி அழைத்தார். சிரப்பு குடித்தால் வயிற்றால் போவதால் இப்போது நிறுத்திவிட்டோம். இது மனநோயா? சித்தி காத்து கருப்பு என்கிறார். மீன், பருப்பு எதுவும் கூடாது என்கிறார் பெரியப்பா. அப்பா மறுபடியும் டி.வி.எஸ். ஓட்டலாமா?
– வாசகி, கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, முதலில் மருத்துவருக்குப் போன் செய்து, அந்தச் சிரப்பை இன்றே திரும்பத் தொடங்குங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

இது மனநோய் இல்லை, கல்லீரல் கெட்டதால் மூளையில் வரும் குழப்பம். குடலில் அம்மோனியா என்ற நச்சு உண்டாகிறது. நல்ல கல்லீரல் அதை யூரியாவாக்கிச் சிறுநீரில் அனுப்பிவிடும். வடு விழுந்து சுருங்கிய கல்லீரலால் அது முடிவதில்லை. போதாக்குறைக்கு, குடலிலிருந்து வரும் ரத்தம் உள்ளே நுழைய வழியில்லாமல், கெடிலத்து வெள்ளம் கரையை உடைத்துக்கொண்டு போவதைப்போலப் பக்க நாளங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அம்மோனியா மூளைக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்கள் அதைக் குளூட்டமின் என்ற வேறொரு பொருளாக மாற்றப்போய், தாங்களே நீர் கோத்து வீங்குகின்றன. தூக்கம் தலைகீழாவது, குணம் மாறுவது, உப்புக்கும் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாமல் போவது, கடைசியில் நினைவு தப்புவது எல்லாம் அதன் படிகள்தான்.

மணியடித்து நாய்க்கு எச்சில் ஊற வைத்தவர் என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பாவ்லோவும் அவருடைய கூட்டாளிகளும் 1893இல் வேறொரு சோதனையை வெளியிட்டார்கள். நாய்களின் குடல் ரத்தத்தைக் கல்லீரலுக்குப் போகவிடாமல் நேரே பெரிய சிரையில் திருப்பிவிட்டார்கள். இறைச்சி தின்ற நாய்கள் மூர்க்கமாகின, தள்ளாடின, மயங்கி விழுந்தன. உங்கள் பெரியப்பா சொல்லும் பத்தியத்துக்குப் பாட்டனார் அந்த நாய்தான். மருத்துவ உலகமும் வெகுகாலம் புரதத்தைத் தடுத்தே வந்தது. இப்போது அப்படி இல்லை. அம்மோனியாவை அகற்றுவதில் தசைக்கும் பங்கு உண்டு. பட்டினி போட்டுத் தசையைக் கரைத்தால் நோய்தான் முற்றும். எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் ஒவ்வொரு நாளும் வேண்டும். பருப்பு, தயிர், முட்டை, குழம்பில் இரண்டு துண்டு சங்கரா எல்லாம் கொடுங்கள். படுக்கப்போகும் முன் ஏதாவது சாப்பிடட்டும். கருவாடு மட்டும் வேண்டாம். அதிலுள்ள உப்பு வயிற்றில் நீரைச் சேர்க்கும். மது கூடாது என்று தனியாக எழுத வேண்டியதில்லைதான். ஆனாலும் புதுச்சேரி மதுக்கடைகள் இருக்கும் கன்னியக்கோவில் எல்லை உங்கள் ஊருக்குப் பக்கம் என்பதால் எழுதிவைக்கிறேன்.

வயிற்றால் போவது லாக்டுலோஸின் கோளாறு இல்லை, அதற்காகத்தான் அதைக் கொடுப்பதே. நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாகப் போக வேண்டும். தண்ணீராகப் போனால் அளவைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். உடலில் நீர் வற்றினாலும் குழப்பம் வரும். மலச்சிக்கல், காய்ச்சல், கிருமித்தொற்று, நீர் பிரியக் கொடுக்கும் மாத்திரை கூடிப்போவது, உணவுக்குழாயில் ரத்தக்கசிவு என ஏதோ ஒன்று பெரும்பாலும் இதைத் தூண்டிவிடும். உங்கள் வீட்டில் என் சந்தேகம் அந்தத் தூக்க மாத்திரை மேல்தான். இரவில் விழித்திருந்ததே நோயின் அறிகுறி. அதற்குத் தூக்க மாத்திரையை எடுத்துக்கொடுத்த கடைக்காரரை என்ன சொல்வது!

மறுபடியும் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, வரலாம். அப்படி வந்தால் ரிஃபாக்ஸிமின் என்ற மாத்திரையையும் சேர்ப்பார்கள். ஒருமுறை நினைவு தப்பியதே கல்லீரல் வெகுவாகக் கெட்டிருப்பதற்கு அடையாளம். ஜிப்மர் போன்ற இடத்தில் குடல், கல்லீரல் மருத்துவரைப் பார்த்து, மாற்று அறுவைச் சிகிச்சைக்கு இவர் தகுதியானவரா என்று நேராகவே கேளுங்கள்.

இதை முதலில் கண்டுபிடிப்பவர்கள் மருத்துவர்கள் அல்லர், வீட்டுப் பெண்கள்தான். நெல்லித்தோப்புக் கடைக்காரர் ஒருவரை அவர் மனைவி என்னிடம் அழைத்து வந்தார். ஸ்கேனைக் காட்டவில்லை, “மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறார்” என்றார், அவ்வளவுதான். நீங்களும் பாருங்கள். கைகளை முன்னே நீட்டி, மணிக்கட்டை மேலே மடக்கி வைத்திருக்கச் சொன்னால் கை விட்டுவிட்டுத் தொய்கிறதா? ஒரு நிமிடத்தில் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்கிறார்? பத்தைக்கூட எட்டவில்லை என்றால் மருத்துவரிடம் போக வேண்டும்.

சித்தியோடு சண்டை வேண்டாம், திருநீறு பூசட்டும். ஆனால் எழுப்பினால் எழாவிட்டாலும், மலம் கறுப்பாகப் போனாலும், ரத்தவாந்தி எடுத்தாலும் மந்திரிக்க நேரம் கிடையாது; உடனே 108ஐக் கூப்பிடுங்கள். அரை மயக்கத்தில் இருப்பவர் வாயில் சிரப்பையோ தண்ணீரையோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். சர்க்கரை குறைந்தாலும், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டினாலும் இதே மயக்கம் வரும் என்பதால், அதைப் பிரித்தறிவது மருத்துவமனையில்தான் நடக்க வேண்டும்.

டி.வி.எஸ். ஓட்டக் கூடாது. நன்றாகப் பேசுகிறார், நடக்கிறார் என்று தோன்றும்போதும் எதிரே வருவதைக் கண்டு பிரேக் பிடிக்கும் வேகம் குறைந்தே இருக்கும். மருத்துவர் சோதித்துச் சரி என்று சொல்லும்வரை சாவி உங்களிடமே இருக்கட்டும்.