பக்கத்து வீட்டுப் பெரியவரின் பேஸ்பால் கார்டுகளை வாங்கலாமா?

பிட்ஸ்பர்க் வந்து நாலு மாதம் ஆன தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டில் எண்பத்து மூன்று வயதுப் பெரியவர், தனியாள். வீட்டை விற்றுவிட்டு அரிசோனாவில் இருக்கும் மகளிடம் போகப்போகிறார். பொடியனாக இருந்தபோதிலிருந்து சேர்த்த பேஸ்பால் கார்டுகள், அதாவது பபுள்கம் பொட்டலத்தோடு வந்த ஆட்டக்காரர் படங்கள், கீழ்த்தளத்தில் பெட்டி பெட்டியாக இருக்கின்றனவாம். "மொத்தமாக ஒரு விலைக்கு எடுத்துக்கொள், இல்லாவிட்டால் ஆன்லைனில் விற்றுக்கொடு, பங்கு தருகிறேன்" என்கிறாராம். ஒரே ஒரு கார்டு நூறு கோடி ரூபாய்க்குப் போனதாகப் படித்தேன், வாங்கிப் போடலாமா என்பது கேள்வி. கூடவே குளிர் ஜாக்கெட், கார் இன்சூரன்ஸ், கிரெடிட் ஸ்கோர்.

கடைசி மூன்றுக்கும் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கார்டு விஷயத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

வாங்காதீர்கள், தம்பி. விற்றுக்கொடுக்கவும் ஒப்புக்கொள்ளாதீர்கள். நீங்கள் எச்-1பி வேலை விசாவில் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக மனுப் போட்ட கம்பெனியில் வேலை பார்க்கத்தான் அனுமதி. பங்கு என்று இருபது டாலர் வாங்கினாலும் அது வேறு வேலை. "யாருக்குத் தெரியப்போகுது" என்று தைரியம் சொல்ல நம்மாட்கள் நாலு பேர் வருவார்கள். நாளைக்குக் கிரீன் கார்டு நேரத்தில் சிக்கல் வந்தால் அவர்களில் ஒருத்தர்கூடப் பக்கத்தில் நிற்கமாட்டார்கள்.

அதைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று. தனியாக இருக்கிற கிழவரிடம், நேற்று வந்த வெளிநாட்டுப் பையன் ஆயுள்கால சேகரிப்பை அடிமாட்டு விலைக்குத் தட்டிக்கொண்டு போனான் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும். வயதானவர்களைப் பண விஷயத்தில் ஏமாற்றுவதை இங்கே சட்டம் மிகக் கடுமையாகப் பார்க்கிறது. நீங்கள் நியாயமாகவே நடந்திருந்தாலும் அதை நிரூபிக்க வேண்டியது உங்கள் தலையில் விழும். அதனால் முதல் காரியமாக மகளிடம் போனில் பேசுங்கள், பெரியவரை வைத்துக்கொண்டே பேசுங்கள். ஒரு பெட்டியைக்கூட "பத்திரமாக இருக்கட்டும்" என்று உங்கள் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

இனி அந்த நூறு கோடி. அது டாப்ஸ் கம்பெனி 1952ஆம் ஆண்டு போட்ட வரிசையில் 311ஆம் எண், யாங்கீஸ் ஆட்டக்காரர் மிக்கி மேன்டில். 2022 ஆகஸ்டில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது உண்மை. ஏன் அந்த விலை? அந்தக் கார்டு இருந்த கடைசித் தொகுதி கடைக்கு வந்தபோது பேஸ்பால் சீசனே முடியப்போகிற நேரம், பிள்ளைகள் வாங்கவில்லை. மிச்சம் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் தூங்கியது. கடைசியில் 1960இல், அந்தக் கார்டுகளை வடிவமைத்த சை பெர்கரே அவற்றைப் படகில் ஏற்றி, நியூ ஜெர்சிக்கு அப்பால் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டார். பிள்ளைகள் வாங்கியதில் பாதி சைக்கிள் சக்கரக் கம்பியில் சொருகிச் சத்தம் எழுப்பியே கிழிந்தது. மீதியை அம்மாமார்கள் வீடு ஒழிக்கும்போது தூக்கி எறிந்தார்கள். நம்ம ஊர் பைரட்ஸ் அணியின் பழைய ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னர் கதையும் இப்படித்தான். சிகரெட் பெட்டிக்குள் தன் படம் வருவதற்கு அவர் ஒத்துக்கொள்ளாததால் 1909இல் தொடங்கிய அந்த வரிசையில் அவர் கார்டு மிகக் கொஞ்சமே வெளியே வந்தது. 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அவர் சிலை பைரட்ஸ் ஸ்டேடியமான பிஎன்சி பார்க் வாசலில் நிற்கிறது, போய்ப் பாருங்கள்.

ஆக, பழசு என்பதற்காக விலை வருவதில்லை. அரிதாகவும் இருக்க வேண்டும், மூலை மடங்காமலும் இருக்க வேண்டும். 1987லிருந்து 1994 வரை வந்த கார்டுகளை அளவே இல்லாமல் அச்சடித்துத் தள்ளினார்கள். எடைக்குப் போட்டால் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கலாம், அவ்வளவுதான். நான் வந்த சமயம் அந்தப் பைத்தியம் உச்சத்தில் இருந்தது. பேஸ்பாலில் எத்தனை பேர் ஆடுவார்கள் என்றுகூடத் தெரியாத நம்மவர்கள், பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று பிரிக்காத பெட்டிகளாக வாங்கி கராஜில் அடுக்கினார்கள். இன்னும் அப்படியே இருக்கின்றன. முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்து, ஒரு ஆட்டத்தைக்கூட உட்கார்ந்து பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். பென் ஹில்ஸ் கோயில், வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டில் சாப்பாடு, வீட்டு விலை, தங்கம் விலை, இவ்வளவுதான் அவர்களுடைய அமெரிக்கா. கோயிலுக்கு நானும்தான் போகிறேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் ஒரு தெருவில் இருபது வருஷம் குடியிருப்பது என்ன வாழ்க்கை? அந்தப் பெரியவர் நாலு மாதத்தில் உங்களைக் கீழ்த்தளத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்றால், அது லேசில் கிடைக்கிற மரியாதை இல்லை.

நான் 1989 ஜனவரியில் படிக்க வந்தேன். ஏர்போர்ட்டுக்கு வருவதாகச் சொன்ன நம்ம ஊர் சீனியர் வரவேயில்லை. கோவில்பட்டியில் வாங்கிய கேன்வாஸ் ஷூவோடு பனியில் நடந்து கிரீன்ஃபீல்டில் ஒரு வீட்டு மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரர் ஹோம்ஸ்டெட் ஸ்டீல் மில்லில் இருந்தவர். 1986இல் ஆலையை மூடியபோது வேலை போய்விட்டது. என் காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை, உள்ளே போய் தன்னுடைய பழைய மில் பூட்ஸையும் கம்பளிக் காலுறையையும் கொண்டுவந்து வைத்தார். அளவு பெரிது. நுனியில் செய்தித்தாளைத் திணித்துக்கொண்டு அந்தக் குளிர்காலம் முழுக்க அதில்தான் நடந்தேன்.

கார்டுகளைக் காட்டியது பிறகு. சின்ன வயதில் நான் தீப்பெட்டிப் படம் சேர்த்தவன், எங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? அதைச் சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. கீழ்த்தளத்தில் பாய்லருக்குப் பக்கத்தில், ஈரம் படாமல் பலகை போட்டு உயர்த்தி, ஷூ பெட்டிகள். ஒவ்வொரு கட்டையும் அணிவாரியாகப் பிரித்து ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பேண்டு அழுத்திய இடத்தில் ஓரம் லேசாகக் குழிந்திருக்கும். சில கார்டுகளின் முதுகில் பபுள்கம் பொட்டலத்தின் மெழுகுத்தாள் விட்ட கறை. முதுகில் அச்சிட்டிருக்கும் புள்ளிவிவரத்தை விரலால் காட்டிக் காட்டித்தான் எனக்கு இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார். ஸ்டேடியத்துக்கு டிக்கெட் வாங்கக் காசில்லாத எனக்கு அந்தப் பெட்டிகள்தான் பள்ளிக்கூடம்.

அவருக்கு உயிர், பைரட்ஸ் ஆட்டக்காரர் ராபர்டோ கிளமென்டே. 1955 டாப்ஸ், 164ஆம் எண், படுக்கைவாட்டுக் கார்டு. அதில் ராபர்டோ என்று சரியாகத்தான் இருந்தது. 1957லிருந்து 1969 வரை அதே கம்பெனி 'பாப்' கிளமென்டே என்று போட்டது. போர்ட்டோ ரிகோவிலிருந்து வந்த அந்த மனிதருக்கு அது பிடிக்கவேயில்லை. 1970இல்தான் ராபர்டோ திரும்பி வந்தார். ஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த தன் தாத்தாவின் பெயரையும் ஆலை வாசலில் இப்படித்தான் வெட்டினார்கள் என்று வீட்டுக்காரர் கோபத்தோடு சொல்வார். சண்முகசுந்தரம் என்ற என் முழுப் பெயரை நாக்கைச் சுழற்றிச் சுழற்றிப் பழகிக்கொண்டார். அவர் முயன்றதைப் பார்த்த பிறகு, வந்த வாரமே 'சாம்' ஆகிவிடும் நம்மாட்கள்மேல் எனக்கு வருத்தம்தான். கிளமென்டே 3,000 ஹிட் எடுத்து, 1972 டிசம்பர் 31 இரவு, நிகராகுவா நிலநடுக்கத்துக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோன விமானம் விழுந்து இறந்துபோனார். அதைச் சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரருக்குக் குரல் கம்மிவிடும்.

மனைவி போன பிறகு, தொண்ணூறுகளின் நடுவில், அவரும் வீட்டை விற்கத் தீர்மானித்தார். ஒரு வியாபாரி வந்தான். பெட்டிகளை மளமளவென்று புரட்டி, நல்லதையெல்லாம் உருவி ஒரு பக்கம் வைத்து, மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னான். ரொக்கமும் கையில் இருந்தது. வீட்டுக்காரர் பெட்டியை மூடிவிட்டு நாளைக்கு வா என்று அனுப்பினார். அன்று ராத்திரியே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பட்டியல் போட ஆரம்பித்தோம். ஆண்டு, கம்பெனி, கார்டு எண், ஆட்டக்காரர், நிலை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு கதை: இது யாரிடம் மாற்றியது, இதற்காக யாரோடு சண்டை போட்டது, இது கொரியப் போருக்குப் போன அண்ணன் கொடுத்துவிட்டுப் போனது. வாரக்கணக்கில் இழுத்தது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வேறு இருவரிடம் கேட்டபோது முதல் ஆள் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வந்தது.

நீங்களும் அதைச் செய்யுங்கள். சம்பளம் இல்லை, பங்கு இல்லை, சாயங்காலம் போய் உட்காருங்கள். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கார்டைத் துடைக்காதீர்கள், மடிப்பை நிமிர்த்தாதீர்கள், ஓரத்தைச் சீராக்குகிறேன் என்று கத்தரியைத் தொடவே தொடாதீர்கள். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி ஒரு காலத்தில் பங்கு வைத்திருந்த பிரபலமான வாக்னர் கார்டின் ஓரம் வெட்டப்பட்டது என்பது 2013இல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோவின் வாக்குமூலத்தில் வெளியே வந்தது. அதிலிருந்து ஓரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காத ஆளில்லை. 1960களுக்கு முந்தியதில் நல்ல நிலையில் இருப்பதை மட்டும் தனியே உறையில் போடுங்கள். பிஎஸ்ஏ போன்ற நிறுவனத்துக்கு அனுப்பி ஒன்று முதல் பத்து வரை தரம் வாங்குவதற்கு ஒவ்வொரு கார்டுக்கும் பணம் கட்ட வேண்டும், அதனால் எல்லாவற்றையும் அனுப்பச் சொல்கிற ஆளை நம்பாதீர்கள். வரி விஷயத்தை மகளிடம் ஞாபகப்படுத்துங்கள். இப்படிச் சேகரித்த பொருளை விற்ற லாபத்துக்கு மத்திய வரி 28 சதவீதம் வரைக்கும் போகலாம். விற்பதற்கு முன்னால் ஒரு கணக்காளரைப் பார்ப்பது நல்லது.

பெரியவர் அவசரப்பட்டால் ஜெஃபர்சன் பர்டிக் கதையைச் சொல்லுங்கள். சிரக்யூஸ்காரர், ஆலைத் தொழிலாளி, மூட்டுவாதத்தால் கைவிரல்கள் முடங்கியவர். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சுத் துணுக்குகளை, அதில் முப்பதாயிரத்துக்கும் மேல் பேஸ்பால் கார்டுகள், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு இனாமாகக் கொடுத்தார். சும்மா கொட்டிவிட்டுப் போகவில்லை. 1947இல் கொடுக்க ஆரம்பித்து, பிறகு மியூசியத்திலேயே ஒரு மேஜையில் உட்கார்ந்து, அந்த விரல்களால் ஒவ்வொன்றாக ஆல்பத்தில் ஒட்டி, 1963 ஜனவரியில் முடித்தார். மார்ச்சில் காலமானார். ஆசையாகச் சேர்த்ததைக் கைவிடுவதற்கு அத்தனை காலம் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறது. உங்கள் பெரியவருக்கு ஒரு மாதமாவது கொடுக்கக்கூடாதா?

எங்கள் வீட்டுக்காரர் கிளமென்டே கார்டுகளை மட்டும் விற்கவில்லை, மகனுக்குக் கொடுத்தார். எனக்கும் ஒன்றை நீட்டினார். மகன் எதிரே இருக்கும்போது, அவர் சம்மதத்தோடுதான் வாங்கினேன்: 1970ஆம் ஆண்டுக் கார்டு, ராபர்டோ என்று பெயர் போட்டது.

இன்னொன்று. 1960 பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் பைரட்ஸ் ஆட்டக்காரர் பில் மஸரோஸ்கி யாங்கீஸ்காரர்களைத் தோற்கடித்த அந்த ஹோம் ரன் அடித்தபோது உங்கள் பெரியவருக்குப் பதினெட்டு வயது இருந்திருக்கும். அந்த ஆட்டம் நடந்த பழைய மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்டின் சுவர் நம்ம ஊர் ஓக்லாண்டு பகுதியில் இன்னும் நிற்கிறது. வருஷா வருஷம் அக்டோபர் 13 அன்று பழைய ரசிகர்கள் அங்கே கூடி அந்த ஆட்டத்தின் ரேடியோ ஒலிபரப்பை முழுசாகப் போட்டுக் கேட்பார்கள். பந்து சுவரைத் தாண்டியது பிற்பகல் 3:36க்கு. ஆபீஸில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், மடக்கு நாற்காலி ஒன்று கையோடு இருக்கட்டும், உட்கார இடம் கிடைக்காது. நானும் அங்கேதான் இருப்பேன்.