கண்ணாடியோடு போட ஹெட்போன், 1000 ரேண்டுக்குள்

வணக்கம். இரவில் இரண்டு மணி நேரம் ஆன்லைன் வகுப்பு, மூக்குக்கண்ணாடி, பாதியிலேயே காது வலி என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது வைத்திருப்பது காதின் மேல் உட்காரும் வகை. அது காது மடலைக் கண்ணாடிக் காலோடு சேர்த்து நசுக்கும், வலிக்காமல் என்ன செய்யும்? காதை முழுதாகச் சூழ்ந்து உட்காரும் வகையைப் பாருங்கள்.

இந்தப் பணத்துக்கு ப்ளூடூத்தும் வேண்டாம், இரைச்சல் நீக்கமும் வேண்டாம். ஒயர் வைத்ததில்தான் கொடுத்த காசு ஒலிக்குப் போகும். ஆடியோ டெக்னிக்கா எம்20எக்ஸ் உங்கள் விலைக்குள் கிடைத்தால் எடுக்கலாம். 190 கிராம்தான், மின்தடை குறைவு (47 ஓம்) என்பதால் போனிலேயே நன்றாகப் பாடும். ஒயர் மட்டும் 3 மீட்டர், கழற்றவும் முடியாது. கட்டிலில் படுத்துக் கேட்பவருக்குத் தொல்லை. போனில் 3.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டர்பன் நகரப் புழுக்கத்தில் செயற்கைத் தோல் மெத்தை வேர்க்கும், நாளடைவில் உரியும். மெத்தை தனியாகக் கிடைக்கும் மாடலாக வாங்கினால் மெத்தையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். வெல்வெட் மாதிரித் துணி மெத்தை கண்ணாடிக்காரர்களுக்கு இன்னும் இதம், ஆனால் பேஸ் (தாழ்ந்த, அதிரும் ஒலி) கொஞ்சம் குறையும்.

புதிதில் இறுக்கமாக இருந்தால் இரவில் அதன் பெட்டி மேலேயே மாட்டி வையுங்கள். கையால் வளைக்காதீர்கள்.

அப்புறம், ஆன்லைனில் வாங்கினால் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிவிடலாம். தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தில் இருக்கிறது. அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. பெட்டியைக் கிழிக்காமல் பிரியுங்கள், அந்த வாரத்திலேயே கண்ணாடியோடு ஒரு வகுப்பு முழுக்கப் போட்டுப் பாருங்கள்.