பின் ராக்கர்களுக்கு மட்டும் ஆயில் ஏறாத பழைய புஷ்ராட் இஞ்சின்

உங்கள் பழைய புஷ்ராட் இஞ்சினில் (கீழிருந்து தண்டுகள் தள்ளி வால்வுகளை இயக்கும் வகை) ஆயில் பிரஷர் மீட்டர் சரியாகக் காட்டியும், பின்பக்க ராக்கர்கள் (வால்வுகளை அழுத்தித் திறக்கும் நெம்புகோல்கள்) மட்டும் வறண்டு சத்தமிடுகின்றன, ஆயில் பம்பை மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பம்பை மாற்றுவதால் பயன் இல்லை. மீட்டர் பிளாக்கின் (சிலிண்டர்கள் உள்ள பகுதி) முதன்மைப் பாதையில் உள்ள அழுத்தத்தைத்தான் காட்டும், அதன் மேல் வால்வுகளோடு இருக்கும் ஹெட்டுக்கு எவ்வளவு ஆயில் ஏறுகிறது என்பதை அது சொல்லாது.

முன் ராக்கர்கள் நனைந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆகவே ஹெட்டுக்கு வரும் வழி திறந்தே இருக்கிறது. ராக்கர்கள் கோக்கப்பட்டிருக்கும் குழாய் போன்ற ராக்கர் ஷாஃப்ட்டுக்குள் பழைய கசடு இறுகிப் பின்முனையை அடைத்திருக்கிறது என்பதே என் கணிப்பு.

1. வால்வு கவரைக் கழற்றி, சூடான இஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிட்டு, எந்த ராக்கர் வரை ஆயில் கசிகிறது என்று பாருங்கள்.

2. ஷாஃப்ட்டின் ஆயில் துளைகள் எந்தப் பக்கம் பார்த்திருக்கின்றன என்று குறித்துக்கொண்டு ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். முனை அடைப்பான்களை நீக்கி, உட்புறத்தைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, மண்ணெண்ணெயில் கழுவுங்கள். ராக்கர்களின் மேல்நோக்கிய அழுத்தம் ஷாஃப்ட்டின் அடிப்பாகத்தில்தான் விழும். அங்கே நகத்தில் தட்டுப்படும் பள்ளம் இருந்தால், முன்பக்கத்திலேயே ஆயில் வழிந்துவிடும் என்பதால் கழுவுவது மட்டும் போதாது, ஷாஃப்ட்டையே மாற்ற வேண்டும்.

சத்தத்தை அடக்க டேப்பெட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடைவெளி) குறைக்காதீர்கள். வால்வு முழுதாக மூடாமல் கருகிவிடும். வெளிக்குழாய் போட்டு ஆயிலைக் கூட்டினாலோ, அது வால்வு கைடு (வால்வுத் தண்டு நகரும் குழல்) வழியே சிலிண்டருக்குள் இறங்கிப் புகையாகும்.