ஓடிய காரா, நின்ற காரா? பழைய ஸ்போர்ட்ஸ் கார் விலைக் கேள்விகள்

கேள்வி: ஒரே வருடத்து ஃபெராரி 360 இரண்டு விற்பனைக்கு வந்திருக்கின்றன. ஒன்று 9,000 கி.மீ. ஓடியது, இன்னொன்று 52,000. விலையில் பெரிய வித்தியாசம். நான் வாங்கினால் ஓட்டத்தான் வாங்குவேன். எதை எடுக்கலாம்?

ஓட்டத்தான் என்றால், முதலில் 52,000 ஓடியதைப் போய்ப் பாருங்கள். 360 மாடல் தயாரிப்பு 2005-லேயே முடிந்துவிட்டது. அப்படியானால் அந்த 9,000 கி.மீ. கார் மாதத்துக்கு 40 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. நின்ற கார் என்றால் புதுக்கார் என்று அர்த்தமில்லை. ரப்பர் சீல்கள் காய்ந்து எண்ணெய் கசியும், டேங்கில் பெட்ரோல் கெட்டுப்போகும், ஒரே இடத்தில் நின்றே டயர் தட்டையாகும்.

டைமிங் பெல்ட்டை, அதாவது என்ஜின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டையை, மறந்துவிடாதீர்கள். அதற்கு வயசுதான் கணக்கு, கிலோமீட்டர் இல்லை. சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும். “ஒன்பதாயிரம்தானே ஓடியிருக்கு, பெல்ட்டுக்கு என்ன அவசரம்” என்று விற்பவர் சொன்னால், அந்தச் செலவை விலையில் கழித்துக்கொண்டு பேசுங்கள். முந்தைய எஃப்355-இல் பெல்ட் மாற்ற என்ஜினையே கீழே இறக்க வேண்டும். 360-இல் இருக்கைக்குப் பின்னாலிருந்தே வேலை முடிந்துவிடும். அடுத்து வந்த எஃப்430-இல் பெல்ட்டே கிடையாது, செயின்.

இன்னொரு விஷயம். குறைந்த ஓட்டத்துக்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணம், ஓட்ட ஓட்டக் கரையும். 9,000 ஓடிய காரை 20,000-க்குக் கொண்டுபோனால் அதை வாங்க வரும் ஆளே வேறு. 52,000-ஐ 63,000 ஆக்கினால் பெரிதாக யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். விலைச் சரிவு செங்குத்தாக இருப்பது ஆரம்பத்தில்தான்.

ஒரு எச்சரிக்கை: கியர் மாற்ற ஸ்டியரிங் பின்னால் துடுப்பு (பேடில்) வைத்த கியர்பாக்ஸ் என்றால், கிளட்ச் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். நெரிசலில் ஊர்ந்த காரில் கிளட்ச் சீக்கிரம் போய்விடும்.

கேள்வி: “இந்த நிறம், இந்த உள்ளலங்காரம், இந்தச் சக்கரம் மூன்றும் சேர்ந்தது உலகத்திலேயே 12 கார்கள்தான்” என்கிறார் விற்பவர். அதற்காகக் கூடுதலாகக் கேட்கிறார். நியாயமா?

இப்படிச் சலித்துக்கொண்டே போனால் எந்தக் காரையும் ‘உலகில் ஒன்றே ஒன்று’ ஆக்கிவிடலாம். அரிதாக இருந்தால் மட்டும் போதாது, அதைத் தேடுகிற ஆள் இருக்க வேண்டும்.

ஜாகுவார் எக்ஸ்ஜே220-ஐப் பாருங்கள். 1988-இல் காட்டிய மாதிரி வண்டியில் வி12 (12 சிலிண்டர்) என்ஜின், நான்கு சக்கர இயக்கம். 1992-இல் கைக்கு வந்தது இரட்டை டர்போ வி6, பின்சக்கர இயக்கம். அதற்குள் பொருளாதாரமும் படுத்துவிட்டது. முன்பணம் கட்டியவர்களில் பலர் கழன்றுகொள்ளப் பார்த்தார்கள். 350 கார்கள் திட்டமிட்டு, முந்நூறைக்கூட எட்டவில்லை. அரிய கார்தான், ஆனால் விற்காததால் அரிதானது. அதனால் வெகுகாலம் அதன் விலை எழவேயில்லை. லெக்ஸஸ் எல்எஃப்ஏவும் 500தான் செய்தார்கள். தயாரிப்பு 2012-இல் முடிந்த பிறகும் ஷோரூம்களில் புதிதாகவே நின்றவை உண்டு. அந்த வி10 சத்தத்தின் அருமை தெரிய வருடங்கள் ஆயின. இன்று புது விலையைவிட அதிகம்.

நிறுவனமே அரிதைக் கெடுக்கும் கதையும் இருக்கிறது. 2016-இல் போர்ஷே 911 ஆர், 991 கார்கள், மேனுவல் கியர் மட்டும். கைமாற்றுச் சந்தையில் விலை பல மடங்கு பறந்தது. மறு வருடமே பின்பக்கப் பெரிய இறக்கை இல்லாத மேனுவல் 911 ஜிடி3 டூரிங்கை அதே நிறுவனம் கொண்டுவந்தது, எண்ணிக்கை வரம்பு இல்லாமல். 911 ஆர் மேல் இருந்த மவுசு சட்டென்று இறங்கியது.

உங்கள் 12 கார் கதைக்கு வருகிறேன். நிறம் உங்களுக்குப் பிடித்திருந்தால் கொஞ்சம் கூடக் கொடுங்கள். பிடிக்காவிட்டால், அடுத்து வாங்குபவருக்கும் பிடிக்காமல் போகலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என்னிடம் எண்ணிக்கை வரையறுத்த கார் ஒன்று இருக்கிறது, 800 கி.மீ. மட்டுமே ஓடியது. ஓட்டினால் மதிப்பு போய்விடுமா?

போகும். உச்சத்தில் இருக்கும் கார்களில்தான் கிலோமீட்டர் அதிகமாகக் கடிக்கும். மெக்லாரன் எஃப்1 மொத்தம் 106 தான். அதில் 390 கி.மீ. மட்டுமே ஓடிய ஒன்று 2021-இல் 2 கோடி டாலரைத் தாண்டி ஏலம் போனது. அதே எஃப்1 நிறைய ஓடியிருந்தால் அந்த விலை கிடைத்திருக்காது.

விற்கும் எண்ணம் இருந்தால் அப்படியே வைத்திருங்கள், ஆனாலும் அவ்வப்போது நன்றாகச் சூடேறும்வரை ஓட்டுங்கள். விற்கும் எண்ணமே இல்லையென்றால் இந்தக் கேள்வி எதற்கு? சாவியை எடுங்கள்.

கேள்வி: ஃபெராரி 250 ஜிடிஓ மாதிரிப் பந்தயக் கார்களை விற்கும்போது கிலோமீட்டர் பேச்சே வருவதில்லையே?

அங்கே அதை யாரும் கேட்பதில்லை. 250 ஜிடிஓ மொத்தம் செய்தது 36. எந்தப் பந்தயத்தில் யார் ஓட்டினார், என்ஜினும் சேஸியும் (அடிச்சட்டம்) அன்று சேர்ந்தே இருந்தவையா, இதுதான் பேச்சு. 2018-இல் ஒன்று 4.84 கோடி டாலருக்குப் போனது, நிறையப் பந்தயம் ஓடிய கார்.

கேள்வி: மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை எப்படி நம்புவது?

தனியாக நம்பாதீர்கள். பல கார்களில் என்ஜின் ஓடிய மணிநேரமும் கம்ப்யூட்டரில் பதிவாகும். 20,000 கி.மீ. காரில் 400 மணிநேரம் என்றால் சராசரி 50 கி.மீ. வேகம், சரி. அதே காரில் 1,500 மணிநேரம் இருந்தால் சராசரி 13. ஒன்று, வாழ்நாள் முழுக்க நெரிசலில் நின்றிருக்க வேண்டும். இல்லையென்றால் யாரோ மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். போர்ஷேக்களில் என்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்ற கணக்கும், எவ்வளவு மீறியது என்ற படிநிலை வாரியாகப் பதிவாகியிருக்கும். அதையும் வாங்கிப் பாருங்கள்.

அப்புறம் டயர். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-ஆவது வாரம். 6,000 கி.மீ. காரில் மூன்றாவது செட் டயர் என்று பில் சொன்னால், ஏன் என்று கேளுங்கள். ரேஸ் டிராக்கில் ஓட்டினேன் என்று பதில் வரலாம், அது வேறு பேச்சு. டிரைவர் இருக்கையில் ஏறி இறங்கும் பக்கத்து ஓரமும் பெடல் ரப்பரும் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டியரிங்குக்குப் புதுத் தோல் போட்டுவிடுவார்கள், பெடலைப் பெரும்பாலும் மறந்துவிடுவார்கள்.

கேள்வி: துடுப்பு கியர் காரை மேனுவலாக மாற்றினால், ஆலையிலேயே மேனுவலாக வந்த காரின் விலை கிடைக்குமா?

கிடைக்காது. வேலை சுத்தமாக இருந்தால் துடுப்பு கியர் காரைவிடக் கூடுதலாகக் கிடைக்கலாம். கழற்றிய பாகங்களைத் தூக்கிப் போடாதீர்கள், விற்கும்போது காரோடு சேர்த்துக் கொடுங்கள்.