கிண்டிலா, கல்முனை அச்சகமா?

சொந்தமாக நூல் வெளியிட நினைப்போரின் கேள்விகளுக்கு எமது பதிப்புப் பகுதியினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: 160 பக்கம் அளவில் ஒரு சிறுகதைத் தொகுப்பு வைத்திருக்கிறேன். கிண்டிலில் போட்டாலே போதும், செலவில்லை என்கிறார் மகன். கையில் பிடிக்க முடியாதது என்ன புத்தகம் என்கிறார் கணவர். எந்தப் பக்கம் போவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, களுவாஞ்சிக்குடி

பதில்: ஒரு தாளை எடுங்கள். இந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குவார்கள் என்று நீங்கள் நம்பும் 50 பேரின் பெயரையும், பக்கத்தில் அவர்கள் இப்போது இருக்கும் ஊரையும் எழுதுங்கள். வாழைச்சேனைக்கும் பொத்துவிலுக்கும் இடையிலேயே 40 பேர் இருந்தால் முதல் வேலை அச்சு. ரொறன்ரோ, லண்டன், சென்னை என்று பட்டியல் போனால் மின்நூலை முதலில் முடியுங்கள். தளத்தைத் தெரிவு செய்ய இதைவிட நல்ல வழி எமக்குத் தெரியாது.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அமேசனில் நாமே நூலை ஏற்றிக் கிண்டிலில் வெளியிடும் கேடிபி தளம் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்நூலை ஏற்கிறது. ஆனால் அதே தளத்தில் அச்சு நூலுக்கான மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. மொழி என்ற இடத்தில் ஆங்கிலம் என்று போட்டுத் தமிழ்ப் பிடிஎஃப்பை ஏற்றிவிடலாம் என்று யாராவது சொல்லித் தந்தால் கேட்காதீர்கள். பரிசீலனையில் பிடிபட்டால் நூலோடு கணக்கும் போகக்கூடும். ஒருவருக்கு ஒரு கணக்குத்தான், இன்னொன்று திறக்க விடமாட்டார்கள். ஆகவே மின்நூலுக்குக் கேடிபி, காகிதத்துக்கு உள்ளூர் அச்சகம் என்று இரண்டையும் தனித்தனியே நடத்துங்கள். தமிழ்நாட்டு வாசகருக்குக் காகிதப் பிரதி போகவேண்டுமானால் நோஷன் பிரஸ், போத்தி போன்ற இந்தியத் தளங்கள் கேட்கும்போது அச்சிட்டு அனுப்பும். அங்கே சேர முன்னர், உரிமைத்தொகையை இலங்கை வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே அச்சிட்டு மட்டக்களப்புக்குக் கொண்டுவருவது கட்டாது. கூரியர் செலவு புத்தகத்தின் விலையை விழுங்கிவிடும்.

அச்சுக்கு 160 பக்கம் நல்ல கணக்கு. ஒரே பெரிய தாளில் சேர்ந்து அச்சாகும் 16 பக்கம் ஒரு ஃபாரம் என்றால் சரியாகப் பத்து ஃபாரம். முன்னுரை நீண்டு 164 ஆனால் நாலு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரத்தின் செலவு வரும். அணிந்துரைகளைக் குறைத்தாவது 160க்குள் நிறுத்துங்கள். 100 பிரதி போதும் என்றால் டிஜிட்டல் அச்சு. ஒஃப்செட்டில் பிளேட் (அச்சுத் தகடு) செலவு முன்கூட்டியே விழுவதால் பொதுவாக 300, 500 என்று போனால்தான் ஒரு பிரதியின் அடக்கவிலை இறங்கும். இரண்டுக்கும் விலை கேளுங்கள். விலை போடும்போது கடைக்காரரின் கழிவை மறக்கவேண்டாம். 800 ரூபா விலையில் 35 வீதம் கழிவு போனால் உங்கள் கைக்கு வருவது 520 ரூபா. அடக்கவிலை 500 ஆக இருந்தால் கடையில் ஒரு பிரதிக்கு மிஞ்சுவது 20 ரூபாதான்; கழிவில்லாமல் வெளியீட்டு விழாவில் விற்றதுதான் மிச்சம்.

கேள்வி: நாவல் முழுவதையும் தட்டச்சு நிலையத்தில் அடித்து வாங்கினேன். கணினியில் அழகாகத் தெரிகிறது. கிண்டிலில் ஏற்றிப் பார்த்தால் ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கின்றன. தளத்தின் குறையா?
– வாசகர், ஆரையம்பதி

பதில்: தளத்தில் குறை இல்லை. உங்கள் கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கிறது. பாமினி தமிழ் முகமூடி போட்ட ஆங்கிலம். திரையில் ‘தமிழ்’ என்று தெரியும் சொல்லுக்குள் இருப்பவை ஜே, கே, பீ, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. எழுத்துரு இருக்கும் கணினியில் முகமூடி நிற்கும். இல்லாத இடத்தில் கழன்றுவிடும். கிண்டில், கூகுள், கைபேசி எல்லாவற்றுக்கும், தமிழ் எழுத்துகளுக்கே தனிக் குறியீடு தரும் யுனிகோட்தான் தமிழ்.

மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் மாற்றியதும் வேலை முடிந்தது என்று எண்ணி ஏற்றிவிடுகிறார்கள். அதனால்தான் எமது பகுதி நூல்கள் பல மின்வடிவில் காயப்பட்டுக் கிடக்கின்றன. மாற்றுவதற்கு முன் மூலக் கோப்பைப் பிரதி எடுத்து வையுங்கள். நாவலில் வரும் ஆங்கிலச் சொற்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள், அவையும் சேர்ந்து தமிழ்க் குப்பையாக மாறும். மாற்றிய பிறகு வேர்டின் தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளிச் சாவியை அழுத்தினால் ‘இ’ விழும். வேறு எழுத்துருவில் அடித்த உண்மையான காற்புள்ளிகள் மாற்றத்தின்போது ‘இ’ ஆகிவிடும். ‘அம்மாஇ அப்பாஇ தங்கச்சி’ என்று நீங்கள் எங்கேயாவது படித்திருந்தால் அது இந்தக் கோளாறுதான். ‘இ’யும் அதன் பின் ஓர் இடைவெளியும் சேர்த்துத் தேடி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

இரண்டாவது ‘ர்’. பாமினியில் பழகியவர்கள் காலுக்கு மேல் புள்ளி வைத்த வடிவத்தை அடிப்பார்கள். அது ‘அவா்’ என்று வரும். கண்ணுக்கு ‘அவர்’ போலவே இருக்கும்; தேடுபொறிக்கோ அது வேறு சொல். உங்கள் நாவலின் தலைப்பில் இப்படி ஒன்று இருந்தால், தலைப்பைச் சரியாக அடித்துத் தேடும் வாசகருக்கு நூல் அகப்படாமல் போகலாம். நல்ல வேளை, தமிழில் காலுக்கு மேல் புள்ளி எங்கும் வராது. ஆகவே எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் ‘ர்’ ஆக்கலாம்.

மூன்றாவதும் நான்காவதும் ஒரே அழுத்தில் தீராதவை. பாமினியில் ‘ஔ’ என்பது ஒகரமும் ளகரமும். ‘ஔவையார்’ என்பது ‘ஒளவையார்’ என்று வரும். எல்லா ‘ஒள’வையும் மாற்றினால் ‘ஒளி’யும் கெட்டுவிடும். அதேபோல் ‘கௌரவம்’ ‘கெளரவம்’ ஆகும். அதைத் திருத்தப் போய் எல்லாவற்றையும் மாற்றினால், வாவியில் பிடித்த ‘கெளிறு’ உங்கள் நாவலில் ‘கௌிறு’ என்று ஏதோ ஆகி மிதக்கும். இந்த இரண்டையும் கண்ணால் பார்த்தே திருத்தவேண்டும். 200 பக்க நாவலுக்கு ஒரு மாலைப்பொழுது போகும். அந்த நேரத்தைக் கொடுங்கள்.

திருத்திய வேர்ட் கோப்பில் அத்தியாயத் தலைப்புகளுக்கு ‘ஹெடிங் 1’ பாணியைக் கொடுத்தால் பொருளடக்கம் தானாக வரும். புதிய அத்தியாயத்துக்கு என்டரை இருபது தரம் தட்டாமல் பக்க முறிப்பு வையுங்கள். அட்டைப்படம் 2560 பிக்சல் உயரம், 1600 அகலம். அமேசனின் கிண்டில் பிரிவியூவர் மென்பொருள் இலவசம்; அதில் எழுத்தை மிகப் பெரிதாக்கி முழுவதையும் புரட்டிப் பார்த்த பிறகே வெளியிடுங்கள். யுனிகோட்டில் சுத்தமான அந்தக் கோப்பு உங்களிடம் இருக்கும்வரை எந்தத் தளத்துக்கும் நீங்கள் கட்டுப்பட்டவர் அல்ல.

கேள்வி: வாவிப் பறவைகள் பற்றி 60 வண்ணப் படங்களோடு ஒரு மின்நூல் தயாரித்திருக்கிறேன். கேடிபியில் 70 வீத உரிமைத்தொகை இருக்கும்போது 35 வீதத்தை யாராவது எடுப்பார்களா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: நீங்கள் எடுக்கலாம். 70 வீதத் திட்டத்தில் கோப்பை வாசகருக்கு அனுப்பும் செலவைக் கழித்துவிட்டுத்தான் பங்கு தருவார்கள். அமெரிக்கத் தளத்தில் அது ஒரு மெகாபைட்டுக்கு 15 சதம். உங்கள் கோப்பு 20 மெகாபைட் என்றால் 3 டொலர். விலை 4.99 டொலர் என்று வைத்தால் மீதி 1.99, அதில் 70 வீதம் 1.39 டொலர். 35 வீதத் திட்டத்தில் இந்தக் கழிப்பு இல்லை, 1.75 டொலர் வரும். படங்களைச் சுருக்கி 5 மெகாபைட்டுக்குள் கொண்டுவந்தால் கணக்குத் தலைகீழாகும். விலை போடும் பக்கத்திலேயே தளம் கோப்பின் இறுதி அளவைக் காட்டும்; அதைப் பார்த்துவிட்டுத் தீர்மானியுங்கள். 70 வீதத்துக்கு விலை 2.99க்கும் 9.99க்கும் இடையில் இருக்கவேண்டும். இந்திய விற்பனையில் அந்த வீதம் வேண்டுமானால் மின்வடிவை அமேசனில் மட்டும் வைக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேரவும் வேண்டும்.

கேள்வி: கனடாவில் இருக்கும் தம்பியின் பெயரில் கணக்குத் திறந்தால் பணம் எடுப்பது சுலபம் என்கிறார்கள். செய்யலாமா?
– வாசகி, மருதமுனை

பதில்: வேண்டாம். தம்பி நல்லவராகவே இருக்கட்டும். அந்த வருமானம் அவருடைய வருமானமாகவே பதிவாகும், வரியும் அவருக்கு, கணக்கில் முடிவெடுக்கும் உரிமையும் அவருக்கு.

உங்கள் பெயரிலேயே திறக்கலாம். நூலை ஏற்றுவதற்கு முன்பே கணக்கின் வங்கிப் பகுதிக்குப் போய் இலங்கை வங்கிக்கு என்ன வழி காட்டுகிறது என்று பாருங்கள். எந்தத் தளமானாலும் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். பேபாலால் மட்டும் பணம் தரும் தளமானால் விட்டுவிடுங்கள். இலங்கையில் அது பல ஆண்டுகளாகப் பணம் அனுப்ப மட்டுமே உதவியது. பெயர் விடயத்தில் கவனம். தளத்தில் முழுப்பெயரும் வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்துகளும் இருந்தால் பணம் திரும்பிப் போகலாம். வங்கியில் உள்ளபடியே கொடுங்கள்.

கேடிபி கேட்கும் வரி வினாப்படிவத்தில் அவசரப்படாதீர்கள். அமெரிக்க விற்பனையில் வரும் உரிமைத்தொகைக்கு அவர்கள் 30 வீதம் பிடிப்பார்கள். இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் வரி உடன்படிக்கை இருப்பதால் இது 10 வீதமாகக் குறையும். அதற்கு உள்நாட்டு இறைவரித் திணைக்களம் தரும் வரி அடையாள இலக்கத்தைப் படிவத்தில் நிரப்பவேண்டும். ஒரு மாத விற்பனைக்கான பணம் அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாளில் வரும்.

கேள்வி: ஐஎஸ்பிஎன் இல்லாமல் வெளியிடலாமா?
– மாணவர், ஒலுவில்

பதில்: ஐஎஸ்பிஎன் என்பது நூலுக்கான சர்வதேச அடையாள இலக்கம். கிண்டில் மின்நூலுக்கு அது தேவையில்லை, அமேசன் தனது இலக்கமொன்றைத் தரும். அச்சு நூலுக்குக் கட்டாயம் எடுங்கள். நூலகங்களும் பெரிய கடைகளும் அதைக் கேட்கும். கொழும்பு 7இல் உள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபைக்கு, அச்சுக்குப் போகுமுன் விண்ணப்பிக்கவேண்டும். இலங்கை இலக்கங்கள் 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். நண்பரிடம் மிஞ்சியிருக்கும் இலக்கத்தை வாங்கிப் போடாதீர்கள். உலகப் பட்டியல்களில் உங்கள் நூல் அவரது வெளியீடாக நிற்கும்.

கேள்வி: போன தடவை அச்சிட்ட கவிதை நூலில் மாரிக்குப் பிறகு அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டுவிட்டது. நடுப்பக்கங்களும் கையோடு வருகின்றன. இம்முறை அச்சகத்தில் என்ன சொல்லவேண்டும்?
– வாசகர், திருக்கோவில்

பதில்: அட்டையின் வெளிப்பக்கத்தில் ஒட்டும் லமினேற் என்ற பிளாஸ்டிக் படலம் ஈரத்தை ஏற்காது, உட்பக்க அட்டை ஏற்கும். கார்த்திகை, மார்கழி ஈரத்தில் உட்பக்கம் விரிய, அட்டை வெளியே வளைகிறது. 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றரின் கிராம் எடை) அட்டை கேளுங்கள். அட்டையின் இழை, அதாவது நார்கள் படிந்திருக்கும் திசை, நூலின் முதுகுக்குச் சமாந்தரமாக ஓடவேண்டும் என்றும் சொல்லுங்கள். மெல்லிய அட்டையிலும் இழை குறுக்கே ஓடும் அட்டையிலும் சுருளல் கூடும்.

பக்கம் கழல்வதற்குக் காரணம் பசை. சூடாக்கிப் பூசும் சாதாரணப் பசை மெல்லியதாக விழுந்தாலும், தாளின் ஓரத்தைச் சரியாகச் சுரண்டாமல் விட்டாலும் பிடிக்காது. முழுவதையும் கட்டுவதற்கு முன் ஒரு பிரதி கட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் காயவிட்டு, நடுவில் 180 பாகைக்கு விரித்து, ஒரு தாளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். வந்தால் மிச்சத்தைக் கட்ட விடாதீர்கள். பாடப்புத்தகம் போல அடிக்கடி விரியும் நூலுக்கு ஃபாரம் ஃபாரமாகத் தைத்துக் கட்டுவதே நல்லது.

முதுகின் அகலம் அட்டை வடிவமைப்பாளருக்கு வேண்டும். 80 ஜிஎஸ்எம் தாள் ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர் தடிப்பு. 160 பக்கம் என்றால் 80 தாள், 8 மில்லிமீற்றர். தாள் மாறினால் தடிப்பும் மாறும்; அச்சகத்தில் அதே தாளில் 80ஐ அடுக்கி அளந்து பார்க்கச் சொல்லுங்கள். வீட்டில் பெட்டிகளைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்குங்கள்.

கேள்வி: எங்கள் பகுதி நாட்டார் கவிகளைத் தொகுத்திருக்கிறேன். இவற்றுக்கு உரிமை யாருக்கு? எங்கே வெளியிடலாம்?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: பரம்பரையாக வந்த கவி தனியொருவருக்குச் சொந்தமல்ல. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வெளிப்பாடுகளையும் பாதுகாக்கிறது. எந்த ஊர், எந்தச் சமூகம் என்ற மூலத்தை அச்சில் குறிப்பிடுங்கள். உங்கள் தெரிவு, ஒழுங்கு, குறிப்புரை ஆகியவற்றுக்கு உரிமை உங்களுடையது. இதற்குப் பதிவு எதுவும் வேண்டியதில்லை. ஆனால் அண்மைக் காலத்தில் ஒருவர் தாமே கட்டிய கவியாக இருந்தால் அது அவருடையது. வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டும் உரிமை உண்டு. அவரிடமோ குடும்பத்திடமோ எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

மின்நூலில் கவி அடிகளை இடைவெளி தட்டி நகர்த்தாதீர்கள். எழுத்தைப் பெரிதாக்கியதும் குலையும். வேர்டின் பந்தி அமைப்பில், மடங்கி வரும் இரண்டாம் வரி மட்டும் உள்ளே தள்ளுமாறு வையுங்கள். இத்தகைய தொகுப்பு நெடுங்காலம் யாருக்கும் கிடைக்கவேண்டும் என்பதால், இலங்கைத் தமிழ் நூல்களை இணையத்தில் சேமித்து 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ திட்டத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். அப்படிச் செய்வதானால் கேடிபியில் செலக்ட் பெட்டியில் குறி போடவேண்டாம். போட்டால் 90 நாளுக்கு மின்வடிவம் வேறெங்கும், வட்ஸ்அப்பில்கூட, போகக்கூடாது. காலம் முடிந்ததும் தானாகவே அடுத்த 90 நாளுக்குப் புதுப்பித்துக்கொள்ளும். ஏற்கெனவே போட்டிருந்தால் தானாகப் புதுப்பிக்கும் குறியை இன்றே எடுத்துவிட்டு, முடியும் திகதியை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.