தின்னாத கடலை எப்படிச் சேராமல் போகும்?

கேள்வி: ஏனுங்க டாக்டர், என் பெரிய மகள் பையனுக்கு ஒன்றரை வயசு. மூணாம் மாசத்திலிருந்தே கன்னம், முழங்கை மடிப்பெல்லாம் கரப்பான். செக்குல ஆட்டுன கடலெண்ணெய் தேய்ச்சுத்தான் தண்ணி வார்ப்போம். கரப்பானுக்கு ஆகாதுன்னு கடலையை வாயில வைக்கவே விட்டதில்லை. போன வாரம் யாரோ ஒரு துணுக்கு கடலை மிட்டாய் குடுத்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. முதல் தடவைக்கே இப்படி ஆகுமுங்களா? சின்ன மகள் பிள்ளைக்கு ஆறு மாசம், லேசாக் கரப்பான் இருக்குது. அதுக்குக் கடலை குடுக்கலாமுங்களா?
- ஓர் அம்மாயி, காங்கேயம்

பதில்: வாய்க்குத்தான் அது முதல் தடவை, அம்மா. தோலுக்குக் கடலை பழைய அறிமுகமாக இருந்திருக்கலாம்.

உங்கள் ஊர்க் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கிளுவை வேலி பட்டுப்போன இடத்தில் வெள்ளாடு நுழையுமே, கரப்பான் தோலும் அப்படித்தான். தோலைக் கட்டிக்காக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பிறவியிலேயே குறைந்த பிள்ளைகளுக்கு இந்த வேலி இன்னும் பலவீனம். செக்கெண்ணெயில் கடலைப் புரதம் கொஞ்சம் தங்கும். கடலை உரிக்கிற வீட்டுத் தூசியிலும் இருக்கும். புண்பட்ட தோல் செல்கள் டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்ற அபாயச் செய்திகளை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்தப் புரதம் உள்ளே போனால், உடம்பு அதை எதிரியாகக் குறித்துக்கொண்டு ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிடும். அது வாய், குடல் என்று எங்கும் உள்ள மாஸ்ட் செல்கள் என்ற காவல் செல்களில் ஒட்டிக் காத்திருக்கும். அப்புறம் ஒரு துணுக்கு போதும், வீக்கமும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமினை அந்தச் செல்கள் கொட்டிவிடும்.

பெரியவர்களுக்கும் இது நடக்கும். ஜப்பானில் கோதுமைப் புரதத்தைச் சிதைத்துச் சேர்த்த ஒரு முகச்சோப்பு விற்றது. காலமெல்லாம் கோதுமை தின்றவர்கள், அதில் முகம் கழுவிக் கழுவியே கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களாகிவிட்டார்கள். பாதிக்கப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல். 2011இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். கடலெண்ணெய் கலந்த களிம்பு பூசிய குழந்தைகளிடம் கடலை அலர்ஜி கூடுதலாக இருந்ததை லண்டன் டாக்டர் கிடியான் லாக் குழு 2003இல் எழுதியது.

அதே புரதம் வேளையோடு குடல் வழியாகப் போனால் உடம்பு பெரும்பாலும் பழகிக்கொள்ளும். லாக் குழு கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்துப் பார்த்து 2015இல் வெளியிட்டது: ஐந்து வயதில், கடலையை ஒதுக்கிய பிள்ளைகளில் 17 சதவீதம் பேருக்கு அலர்ஜி, தின்று வந்தவர்களில் 3 சதவீதம்தான். நானும் கடலைக்காட்டு வீட்டுப் பிள்ளைதான். 'கரப்பான் பண்டம்' என்று ஒதுக்கி வைக்கிற பத்தியம் எனக்கும் தெரியும். இந்த விஷயத்தில் அதை நான் ஏற்பதில்லை.

பெரிய பேரனுக்கு வீட்டில் மறுபடி கொடுத்துப் பார்க்காதீர்கள். அலர்ஜி டாக்டரிடம் தோல் சோதனையோ ரத்தச் சோதனையோ செய்து உறுதிப்படுத்துங்கள். இனி எப்போதாவது மூச்சு இரைத்தாலோ, துவண்டாலோ உடனே ஆஸ்பத்திரி; தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. எண்ணெயை நிறுத்தி, வாசனை சேர்க்காத வாசலைன் தடவுங்கள். கரப்பானுக்கு டாக்டர் தரும் களிம்பைப் பாதியில் விட வேண்டாம்.

சின்னவனுக்குக் கரப்பான் லேசு என்பதால் இப்போதே தொடங்கலாம். வறுத்த கடலையை நைஸாக அரைத்துக் கஞ்சியில் கரைத்து, முதலில் கரண்டி நுனியளவு. ஒத்துக்கொண்டால் வாரம் சில தடவை. முழுக் கடலை மட்டும் ஐந்து வயது வரை வேண்டாம், புரையேறும். கரப்பான் கடுமையானால் சோதனைக்குப் பிறகுதான் கடலை.